பழைய படகு ஆர்பிஎம் மீட்டரைக் காரில் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டில், ஹட்டனில், என் வீட்டின் பின்னறையில் பழைய கார்களின் மீட்டர்களைத் திருத்திக் கொடுக்கிறேன். என்னுடைய சொந்த வாகனம் 948 சிசி மொரிஸ் மைனர். அதில் வேகமானி உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர், நாம் ஆர்பிஎம் மீட்டர் என்று சொல்வது, கிடையாது. படகிலிருந்து கழற்றிய ஒன்றை அதில் மாட்டிய நாளிலிருந்து, காரைப் பார்க்கிறவர்கள் நின்று விசாரிக்கிறார்கள். பலர் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய படகு மீட்டர் ஒன்றை வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கேட்பவற்றையும் நான் சொல்பவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மலைப் பாதையில் காதால் கேட்டே கியர் மாற்றுகிறோமே, இந்த மீட்டர் எதற்கு?

எங்கள் அப்பாவும் காதால் கேட்டுத்தான் ஓட்டினார், நன்றாகவே ஓட்டினார். ஆனால் காது எஞ்சினின் சிரமத்தைத்தான் சொல்லும், கணக்கைச் சொல்லாது. 948 சிசி மைனர் தன் முழு வலுவான 37 குதிரைசக்தியை 4750 சுற்றில் தருகிறது. ஏற்றத்தில் நமக்குத் தேவைப்படுவது இழுவை. அது உச்சத்தில் இருப்பது 2500 சுற்றுப் பக்கம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது முள் 2500-ஐச் சுற்றி நின்றால் கார் தயங்காமல் ஏறுகிறது. வளைவில் கொழுந்து லொறிக்கு வழிவிட்டு வேகம் குறைந்து முள் 1800-க்குக் கீழே விழுந்தால், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் முனகுமே தவிர ஏறாது. முள் விழத் தொடங்கும்போதே கியரை இறக்குகிறவருக்கு அந்த முனகல் கேட்காது.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் கடல்மட்டத்தில் எஞ்சின் தரும் வலுவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. சின்ன எஞ்சினுக்கு அது பெரிய இழப்பு. மிச்சமிருப்பதைச் சரியான சுற்றில் வைத்து வாங்கத்தான் வேண்டும்.

இறக்கத்தில் இந்த மீட்டர் இன்னும் முக்கியம் என்பது என் எண்ணம். மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். றம்பொடையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறையும். ஆகவே மூன்றாவது அல்லது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்போது எஞ்சினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, மலை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டதால் சத்தமும் குறைந்திருக்கும். சுற்று அளவு மீறுவது காதுக்குத் தெரியாது, முள்ளுக்குத் தெரியும். படகில் இந்த நிலை வருவதில்லை. படகைத் தள்ளும் சுழலி (புரொப்பெல்லர்) நீரிலிருந்து மேலே வந்தாலொழிய, தண்ணீரே எஞ்சினை அடக்கி வைத்திருக்கும்.

கார் மீட்டரே கிடைக்குமே, படகு மீட்டர் ஏன்?

கிடைத்தால் அதையே போடுங்கள். ஆனால் பழைய கார்களின் டேக்கோமீட்டர் இங்கே அரிதாகத்தான் கைக்கு வரும், விலையும் அதிகம். படகு மீட்டர் உடைத்த படகுகளிலிருந்து வருகிறது. அதன் முகம் பெரியது, எழுத்து தெளிவானது, தண்ணீர் புகாதபடி அடைக்கப்பட்டது. பனியும் மழையும் விடாத நம் ஊருக்கு இந்தக் கடைசிக் குணம் ஒன்றே போதும்.

எல்லாப் படகு மீட்டரையும் காரில் போட முடியுமா?

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

நடுவில் மரையோடு ஒரு குழாய் மட்டும் இருந்தால் அது கேபிளால் சுழலும் மீட்டர். இரண்டே முனைகள் இருந்து, பேட்டரிக்கு இடமே இல்லாவிட்டால், எஞ்சினில் பூட்டிய சிறு ஜெனரேட்டரின் மின்சாரத்தைக் காட்டும் வகை. அந்த ஜெனரேட்டரும் கூடவே கிடைக்காவிட்டால் அந்த மீட்டரின் முள்ளும் முகமும்தான் நமக்குப் பயன்படும். மூன்று முனைகள், அதாவது பேட்டரி, ஏர்த், சிக்னல் என்று இருந்தால் அது துடிப்பை எண்ணும் எலக்ட்ரோனிக் வகை. காருக்கு மாற்ற எளிதானது இந்த மூன்றாவதுதான்.

மாட்டிவிட்டேன், ஓடுகிறது; ஆனால் மூன்றில் ஒரு பங்குதான் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

பழுதில்லை. என்னிடம் வரும் பத்து மீட்டரில் ஆறேழு இந்தப் புகாரோடுதான் வருகின்றன, காரணமும் ஒன்றேதான்.

இந்த மீட்டருக்குச் சுற்று என்றால் என்னவென்று தெரியாது. அது மின்துடிப்புகளை எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதைச் செய்தவர்கள் அதற்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நான்கு சிலிண்டர் கார் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை பொறி கொடுக்கும். ஆறு சிலிண்டர் மூன்று முறை, எட்டு சிலிண்டர் நான்கு முறை. படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்ட் மோட்டார்களில் மீட்டர் பெரும்பாலும் பொறியை எண்ணுவதில்லை. பறக்கும் சக்கரத்தின் (பிளைவீல்) அடியில் இருக்கும் சார்ஜிங் சுருளிலிருந்து துடிப்பை எடுக்கும். அந்தச் சுருள் 12 காந்தத் துருவம் கொண்டதானால் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு. ஆறை எதிர்பார்க்கும் மீட்டருக்குக் காரின் இரண்டைக் கொடுத்தால், 3000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு அது 1000 என்றுதான் காட்டும். மீட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பல படகு மீட்டர்களின் முதுகில் ஒரு சிறு திருகு சுவிட்ச் இருக்கும், சிலவற்றில் ரப்பர் மூடிக்கு அடியில். அதைச் சுற்றி 4, 6, 8, 10, 12 என்று எண்கள். சிலிண்டரைக் குறிக்கும் எண்களும் துருவத்தைக் குறிக்கும் எண்களும் கலந்து இருக்கலாம், எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். நான்கு சிலிண்டர் காருக்கு 4 சிலிண்டர் நிலை வேண்டும். அது இல்லாமல் 4 துருவ நிலை மட்டும் இருந்தாலும் சரியே, அதுவும் சுற்றுக்கு இரண்டு துடிப்புத்தான். ஒரே சுற்றில் இரண்டு முறை வெடிக்கும் இரட்டைச் சிலிண்டர் இருஅடிப்பு (டூ ஸ்ட்ரோக்) மோட்டாரின் பொறியை எண்ணிய மீட்டரானால், எதையும் மாற்றாமல் நம் காருக்கு அப்படியே பொருந்தும்.

நீண்ட காலம் தொடாமல் கிடந்த சுவிட்சில் பச்சை படிந்திருக்கும். இருபது முறை இரு பக்கமும் திருப்பிவிட்டு நிறுத்துங்கள். உள்ளே தொடுமுனை துலங்கும்.

சுவிட்ச் இல்லாத மீட்டர்?

பின்னால் சிறு துவாரத்துக்குள் திருத்தும் திருகு இருந்தால், முள்ளை ஓரளவு ஏற்றி இறக்கலாம். மூன்று மடங்கு வித்தியாசத்தை அது ஈடுசெய்யாது. அப்போது உள்ளே இருக்கும் பழைய மின்சுற்றுப் பலகையை எடுத்துவிட்டு, எல்எம் 2917 என்ற சிப்பைக் கொண்டு புதிதாகச் செய்கிறேன். துடிப்பின் எண்ணிக்கையை மின்னழுத்தமாக மாற்றித் தரும் சிப் அது. முள்ளை அதுவே நகர்த்தும். ஒரு ரெசிஸ்டரையும் ஒரு கெபாசிட்டரையும் தேர்ந்தெடுப்பதில் அளவு முழுவதும் அடங்கியிருக்கிறது. சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம். ஜெனரேட்டர் தொலைந்த இரண்டு முனை மீட்டருக்கும் இதே வழிதான்.

கேபிள் வகையை என்ன செய்வது?

கேபிளின் முனையில் ஒரு காந்தம் சுற்றும். அதைத் தொடாமல் மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணம் அந்தச் சுழற்சியால் இழுபடும். மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து வைக்கும். ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வேகமானியின் தத்துவம் இதுதான். அழகான ஏற்பாடு. ஆனால் மைனரின் எஞ்சினில் அந்தக் கேபிளைப் பூட்ட இடமில்லை. இதே குடும்பத்து எஞ்சின் கொண்ட முதல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரில், பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டைனமோவின் வாலில் சிறு கியர்ப்பெட்டி வைத்து அங்கிருந்து கேபிளை எடுத்தார்கள். அந்த டைனமோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கிடைத்தாலும் இரண்டைப் பார்க்க வேண்டும். மீட்டர் எஞ்சினுக்குச் சமமாகச் சுற்றும் கேபிளுக்கா, பாதிச் சுற்றும் கேபிளுக்கா என்பது ஒன்று. சுற்றும் திசை மற்றது. சில இரட்டை எஞ்சின் படகுகளில் ஓர் எஞ்சின் வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும். அதற்கேற்ப மீட்டரும் எதிர்த்திசையினதாக இருக்கும். தவறான திசையில் பூட்டினால் முள் பூச்சியத்துக்குக் கீழே போக முயன்று ஆணியில் முட்டி நிற்கும்.

காரில் மாட்டுவதற்கு முன் மேசையிலேயே சோதிக்க முடியுமா?

கட்டாயம் சோதியுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், வீட்டு மின்சாரம் போதும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலை. 12 வோல்ட் டிரான்ஸ்போமர் ஒன்றை எடுத்து, அதன் வெளியீட்டை நான்கு டயோடு பாலத்தின் வழியே விட்டால் நொடிக்கு 100 துடிப்பு கிடைக்கும். இந்த இடத்தில் கெபாசிட்டர் வைக்கக் கூடாது, வைத்தால் துடிப்பு மழுங்கிவிடும். பாலத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே அரை வாட் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். மீட்டருக்குத் தனியாகக் கார் பேட்டரியைக் கொடுத்து, பாலத்தின் நெகட்டிவை மீட்டரின் ஏர்த்தோடும் பாசிட்டிவை சிக்னல் முனையோடும் சேருங்கள்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது கொடுப்பதும் நொடிக்கு 100 துடிப்புத்தான். ஆகவே முள் 3000-இல் நிற்க வேண்டும். முதல் முறை இதைச் செய்தபோது இரவு பதினொரு மணி, வெளியே மழை. சுவிட்சைப் போட்டதும் எத்தனையோ வருடம் அசையாதிருந்த முள் ஒரு சிலிர்ப்போடு எழுந்து, 3000-ஐத் தாண்டி, திரும்பி வந்து அந்தக் கோட்டின் மேல் மெல்ல அதிர்ந்துகொண்டு நின்றது. வீட்டாரை எழுப்பிக் காட்டினேன்.

முள் வேறிடத்தில் நின்றால் அதுவும் ஒரு தகவல். 2000 காட்டினால் மீட்டர் ஆறு சிலிண்டருக்கானது. 1500 என்றால் எட்டு சிலிண்டர். 1200 என்றால் 10 துருவம், 1000 என்றால் 12 துருவம். பாலத்துக்குப் பதில் ஒரே ஒரு டயோடு வைத்தால் 50 துடிப்பு கிடைக்கும், நான்கு சிலிண்டர் நிலையில் அது 1500. இந்த இரண்டு புள்ளியும் சரியாக இருந்தால் மீட்டரை நம்பலாம். முள் அசையவே இல்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலின் உயர்ந்த மின்னழுத்தத்துக்கு மட்டும் விழிக்கும் மீட்டர்களும் உண்டு, அவற்றைக் காரில்தான் சோதிக்க வேண்டும்.

டிரான்ஸ்போமர் இல்லாமல் நேரடியாக 230 வோல்ட்டைக் கொண்டு யாரும் முயலக் கூடாது. உயிர் போகும்.

என் கார் பாசிட்டிவ் ஏர்த். படகு மீட்டர் வேலை செய்யுமா?

மொரிஸ் மைனரும் அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்கள் பலவும் பேட்டரியின் பாசிட்டிவை உடலோடு இணைத்தவை. எலக்ட்ரோனிக் படகு மீட்டர்களோ நெகட்டிவ் ஏர்த்துக்குச் செய்தவை. முனைகளை மாற்றிக் கொடுத்து, மீட்டரின் உடலை ரப்பரால் பிரித்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மின்சாரம் கிடைக்கும், ஆனால் கொயிலின் துடிப்பு தலைகீழாக வருவதால் பல மீட்டர்கள் எண்ணுவதில்லை. அபாயமும் இருக்கிறது. நான் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். பின் பிராக்கெட்டின் ஒரு மூலை டேஷ்போர்டு இரும்பில் தொட்டது. கண் சிமிட்டுவதற்குள் வயரின் உறை புகைந்து சுருங்கியது. பேட்டரி முனையைக் கழற்றியதால் கார் தப்பியது. அன்றிலிருந்து 2 ஆம்பியர் பியூஸ் இல்லாமல் எந்த மீட்டருக்கும் நான் மின்சாரம் கொடுப்பதில்லை.

டைனமோ உள்ள காரானால் முழுக் காரையுமே நெகட்டிவ் ஏர்த்துக்கு மாற்றிவிடுவதுதான் என் ஆலோசனை. பேட்டரியைத் திருப்பி வையுங்கள். பாசிட்டிவ் முனை சற்றுத் தடித்தது என்பதால் கிளாம்புகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றுங்கள். பிறகு டைனமோவுக்குப் புதிய துருவத்தைப் பழக்க வேண்டும்: கட்டுப்பாட்டுப் பெட்டியில் ‘எப்’ முனையிலிருந்து டைனமோவுக்குப் போகும் வயரைக் கழற்றி, பேட்டரியின் மின்சாரம் வரும் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி தெறிக்கும். இரண்டு மூன்று முறை போதும், வயரைப் பழைய இடத்தில் பூட்டிவிடலாம். இதை எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். ரேடியோ இருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள். எஸ்யூ என்ற பெட்ரோல் மின்பம்பு டயோடு பொருத்தப்படாததானால் இரு வழியிலும் ஓடும். அல்டர்னேட்டர் உள்ள காரில் இந்த மாற்றத்தைக் கனவிலும் செய்யாதீர்கள், அதன் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

வயர்களை எங்கே இணைப்பது?

பேட்டரி முனை, சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், பியூஸ் வழியாக. ஏர்த், உடலின் நன்கு சுரண்டிய இடத்தில். சிக்னல், கொயிலிலிருந்து, பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் பக்கத்தில். பழைய லூகாஸ் கொயிலில் அது ‘சிபி’ என்று பொறித்த முனை; மேலே சொன்னபடி கொயிலின் வயர்களை இடம் மாற்றியிருந்தால் மற்ற முனை. சிக்னல் வயரை பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

முள் ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கிறதே?

முதலில் மீட்டரைச் சந்தேகிக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே திறந்து மூடும் தொடுமுனையான பொயின்ட்டைப் பாருங்கள். கருகிய பொயின்ட், களைத்த கண்டென்சர், தேய்ந்து ஆடும் தண்டு ஆகியவற்றை இந்த முள் காட்டிக்கொடுத்துவிடும். அவை சரியாக இருந்தும் குதித்தால், சிக்னல் வயரின் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

6 வோல்ட் மீட்டர்?

7806 ரெகுலேட்டர் வழியாக மின்சாரம் கொடுங்கள். பல்பை 12 வோல்ட்டுக்கு மாற்றுங்கள்.

டீசல் வானுக்குப் போடலாமா?

டீசலில் கொயில் இல்லை, பொறியும் இல்லை. அல்டர்னேட்டரில் ‘டபிள்யூ’ என்ற முனை இருந்தால் அங்கே துடிப்பு கிடைக்கும். 12 துருவ அல்டர்னேட்டர் தன் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்புக் கொடுக்கும். பெல்ட் ஓடும் கப்பியின் அளவால் அது எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும். எனவே எஞ்சின் சுற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று துடிப்பு. டீசல் படகுக்கான மீட்டர்கள் இதற்கென்றே செய்தவை, அவற்றின் திருகு இந்த அளவுக்கு ஒத்துவரும். பெட்ரோல் படகு மீட்டரை இதற்கு எடுக்க வேண்டாம்.

புதிய ஜப்பானியக் காருக்கு?

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் கொயில், எல்லாவற்றையும் கம்பியூட்டர் ஆளும் கார்களில் பழைய மீட்டருக்கேற்ற துடிப்பு இல்லை. இடையில் ஒரு சுற்றுப்பலகை வைத்தால் முடியும். ஆனால் நல்ல மீட்டர் ஏற்கெனவே உள்ள காரின் வயரில் கத்தி வைப்பதை நான் செய்வதில்லை.

கண்ணாடிக்குள் பனி பிடித்திருக்கிறது. திறந்து துடைக்கலாமா?

திறக்குமுன் முகத்தில் எழுத்தும் முள்ளும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். மஞ்சள் அல்லது பழுப்பு நிறத்தில் தடித்த பூச்சு இருந்தால், குறிப்பாக 1960-களுக்கு முந்திய மீட்டரில், அது ரேடியமாக இருக்கலாம். கடைகளில் ரேடியம் என்று விற்கும் ஸ்டிக்கரைச் சொல்லவில்லை, கதிர்வீசும் உண்மையான ரேடியம். இருட்டில் ஒளிரவில்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். ஒளிரும் பூச்சு செத்துப்போனாலும் ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 1600 ஆண்டுகள் ஆகும். மூடியிருக்கும்வரை பெரிய கேடில்லை. உதிர்ந்த தூள் மூச்சில் போவதுதான் கேடு. அத்தகைய மீட்டரைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நான் அவற்றை வாங்குவதே இல்லை.

மற்றவற்றைத் திறக்கலாம். வெளி வளையத்தின் மடிப்பை மொட்டையான திருப்புளியால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் மயிரிழை அளவே உயர்த்துங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் கண்ணாடி விரிசல் விடும். திருகோணமலை, நீர்கொழும்புப் பக்கமிருந்து வரும் மீட்டர்களில் பித்தளை முனைகளைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையும் பூத்திருக்கும், கடல் உப்பு. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களில் ஓடிய படகுகளின் மீட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை.

மூடும் நாளைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். ஜூன், ஜூலை மழையில் மூடினால் ஹட்டனின் ஈரக்காற்றையும் உள்ளே வைத்து மூடியதாகும், அடுத்த காலையே கண்ணாடி மங்கும். பெப்ரவரியின் காய்ந்த வெயிலில் மூடுகிறேன்; அவசரமானால் அடுப்படிக்கு மேலே ஓர் இரவு வைத்துச் சூடு ஆறுமுன் மூடுகிறேன். விளிம்புக்குச் சிலிக்கன் பூசுவதானால் வினாகிரி மணம் வீசும் வகையைத் தவிருங்கள். அந்த அமிலம் உள்ளே தங்கிப் பித்தளையை அரிக்கும்.

டேஷ்போர்டில் துளை வெட்டலாமா?

வேண்டாம். படகு மீட்டருக்குப் பெரும்பாலும் 85 மில்லிமீட்டர் துளை வேண்டும். அறுபது வருடம் காயமில்லாமல் வந்த டேஷ்போர்டு அது. ஒரு தகட்டை வளைத்து பிராக்கெட் செய்து, ஸ்டியரிங்குக்கு அருகில் கீழ் விளிம்பில் மாட்டுங்கள். சாலையிலிருந்து பார்வையை அதிகம் தாழ்த்தாமல் முள் தெரிய வேண்டும்.

நுவரெலியாக் குளிரிலும் உயரத்திலும் அளவு மாறுமா?

உயரத்தால் மாறாது, எண்ணிக்கை எங்கும் எண்ணிக்கைதான். கேபிள் வகையில் மட்டும் ஜனவரி விடியலில் கிரீஸ் இறுகி முள் கொஞ்சம் சோம்பும், எஞ்சின் சூடானதும் சரியாகிவிடும்.

மாட்டியபின் சரியாகக் காட்டுகிறதா என்று ஓட்டிப் பார்த்து அறிவது எப்படி?

கொட்டகலைப் பக்கம் சமமான பாதையில் டாப் கியரில் மணிக்கு 30 மைல் வேகத்தில் நிதானமாகப் போங்கள். 948 சிசி மைனரில் முள் 2000-ஐ ஒட்டி நிற்க வேண்டும். டயர் அளவாலும் வேகமானியின் பிழையாலும் நூறு, நூற்றைம்பது முன்பின் ஆகலாம். அப்படி நின்றால், கண்ணாடியின் மேல் 5000 இருக்கும் இடத்தில் சிவப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு, அடுத்த நாள் றம்பொடை இறக்கத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.